எந்த உடலுக்கு எந்த மெத்தை? ஸ்பிரிங் மெத்தையைத் தேர்ந்தெடுக்கும் முன் அறிய வேண்டியவை

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில், மருந்துச் சீட்டைப் பற்றிய ஐயங்கள் தீர்ந்த பின்னர் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா, "எந்த மெத்தை வாங்கலாம்?" என்பதாகும். நெடுநாள் முதுகுவலிக்காரர், இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவைச் சிகிச்சை பெற்ற மூதாட்டியின் மகன், பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் தந்தையின் மகள் எனப் பலரும் இதே வினாவைக் கேட்கின்றனர். சிலர் முன்னரே கடைக்குச் சென்று, 10 அல்லது 12 அங்குலக் கனமுள்ள விலையுயர்ந்த ஸ்பிரிங் மெத்தை ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு, எங்கள் ஒப்புதலை மட்டும் எதிர்பார்க்கின்றனர்.

வினா ஒன்றாயினும் விடை ஒன்றன்று. ஒருவருக்கு நிம்மதியான உறக்கம் தரும் மெத்தை, மற்றொருவர் கட்டிலிலிருந்து எழுந்து நிற்கவே முடியாதபடி செய்துவிடலாம். எனவே மெத்தையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையையும் கனத்தையும் முதலில் பார்க்காமல், அதில் படுக்கப்போகும் உடலைப் பார்க்க வேண்டும். அதை எவ்வாறு பார்ப்பது என்பதை இங்கே விளக்குகிறோம்.

மெத்தை செய்ய வேண்டிய பணி

நம் முதுகெலும்பு நேர்கோடு அன்று. பக்கவாட்டில் நோக்கினால் கழுத்தும் இடுப்பின் மேற்பகுதியும் முன்னோக்கி வளைந்தும், நெஞ்சுப்பகுதி பின்னோக்கி வளைந்தும் இருக்கும். நிற்கும்போது தசைகள் இவ்வளைவுகளைத் தாங்குகின்றன. உறங்கும்போது தசைகள் தளர்ந்துவிடுவதால் அப்பொறுப்பு மெத்தையைச் சேர்கிறது.

அதற்கு மெத்தை இரண்டு செயல்களை ஒருங்கே செய்ய வேண்டும். தோள், பிட்டம் போன்ற புடைத்த பகுதிகள் சற்று அமிழ இடங்கொடுக்க வேண்டும். இடுப்பு போன்ற உள்வாங்கிய பகுதிகளைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். முதற்செயல் குறைந்தால் தோளும் இடுப்பெலும்பும் அழுந்தி வலிக்கும். இரண்டாவது குறைந்தால் முதுகு தொட்டிலில் கிடப்பதுபோல் வளைந்து, விடியும்போது இறுகிப்போயிருக்கும்.

கடினமாக இருப்பதே நல்லது என்னும் நம்பிக்கை

முதுகுவலி என்றால் வெறுந்தரையிலோ பலகையிலோதான் படுக்க வேண்டும் என்னும் கருத்து நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. ஸ்பெயினில் நடத்தப்பட்டு 2003ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. நாட்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 313 பேரில் ஒரு பிரிவினர்க்குக் கடினமான மெத்தையும், மறுபிரிவினர்க்கு நடுத்தர உறுதியுள்ள மெத்தையும் வழங்கப்பட்டன. 90 நாட்களுக்குப் பின் பார்த்தபோது, படுத்திருக்கையில் உண்டாகும் வலியிலும் அன்றாடச் செயல்களில் நேரும் இடர்ப்பாட்டிலும் நடுத்தர உறுதியுள்ள மெத்தையில் படுத்தவர்களே கூடுதல் முன்னேற்றம் கண்டிருந்தனர்.

அவ்வாய்வில் உறுதியை அளக்க 1 முதல் 10 வரையிலான ஐரோப்பிய அளவுகோல் பயன்பட்டது. அதில் 1 மிகக் கடினம். 10 மிக மென்மை. கடினமான மெத்தையின் அளவு 2.3, நடுத்தர மெத்தையின் அளவு 5.6. அதாவது, வலியுள்ள முதுகுக்குப் பொருந்தியது பலகையும் அன்று, பஞ்சணையும் அன்று, இரண்டுக்கும் இடைப்பட்டது.

ஆகவே, காரணம் குறித்த நோய் ஏதும் கண்டறியப்படாத பொதுவான முதுகுவலிக்கு, நடுத்தர உறுதியிலிருந்து தேடத் தொடங்குமாறு கூறுகிறோம். தரையில் பாய் விரித்துப் படுத்துப் பழகி, வலியின்றி உறங்குபவர் அதை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. எனினும் மூட்டுவலியுள்ள முதியவர்க்குத் தரையிலிருந்து எழுவதே பெரும்பாடு என்பதை மறக்கலாகாது.

மெத்தையின் மேல் 'ஆர்த்தோ' என்று அச்சிட்டிருப்பது பற்றியும் ஒரு சொல். அது விற்பனைக்காக இடப்படும் பெயர். உங்கள் உடலைப் பரிசோதித்த மருத்துவரின் பரிந்துரை அன்று. அப்பெயர் தாங்கிய மெத்தைகளில் மிகக் கடினமானவையும் உண்டு, மென்மையானவையும் உண்டு.

ஸ்பிரிங் மெத்தையின் உள்ளே இருப்பவை

ஸ்பிரிங் மெத்தைகள் பெரும்பாலும் இரு வகைப்படும். முதல் வகை போனல் ஸ்பிரிங். உடுக்கை வடிவில் நடுவே ஒடுங்கிய கம்பிச் சுருள்கள் ஒன்றோடொன்று கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். விலை குறைவு, உழைப்பும் மிகுதி. ஆனால் ஓரிடத்தில் அழுத்தினால் அருகிலுள்ள சுருள்களும் சேர்ந்து அமிழும்.

இரண்டாவது வகை பாக்கெட் ஸ்பிரிங். ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பைக்குள் இருப்பதால், எந்த இடத்தில் எடை விழுகிறதோ அந்த இடம் மட்டுமே அமிழும். தோள் அமிழ்ந்தாலும் இடுப்பு தாங்கப்படும். உயர்விலை மெத்தைகளில் பெரும்பாலும் இவ்வகையே காணப்படும்.

சுருளின் கம்பிக்கு 'கேஜ்' என்னும் அளவு உண்டு. அந்த எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும், மெத்தை உறுதிப்படும். 13 கேஜ் கம்பி 15 கேஜ் கம்பியைவிடத் தடிப்பானது. சுருள்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தரத்தை மதிப்பிட இயலாது. மெல்லிய கம்பியில் ஆயிரம் சுருள்கள் இருப்பினும் கனத்த உடலை அவை தாங்காமல் போகலாம்.

சுருள்களுக்கு மேலே ஃபோம், லேட்டக்ஸ், பஞ்சு முதலிய அடுக்குகள் அமைகின்றன. 'பில்லோ டாப்', 'யூரோ டாப்' எனப்படுபவை இத்தகைய கூடுதல் மேலடுக்குகளே. அதிக விலையின் பெரும்பங்கு இம்மேலடுக்குகளுக்கும் துணிக்கும் உரியது. தொட்டவுடன் கிடைக்கும் சுகம் மேலடுக்கு தருவது. முதுகைத் தாங்குவது அடியிலுள்ள சுருள். கையால் அமுக்கிப் பார்ப்பதில் முதலாவது மட்டுமே தெரியும்.

ஸ்பிரிங் மெத்தையில் காற்று புகுந்து செல்ல இடமுண்டு. உடற்சூட்டைத் தேக்கிவைக்கும் அடர்த்தியான மெமரி ஃபோம் மெத்தையோடு ஒப்பிட்டால், நம் ஊர் வெயிலுக்கு இது ஒரு நன்மையே.

படுக்கும் முறைக்கேற்ற உறுதி

ஒருக்களித்துப் படுப்பவரின் எடை முழுவதும் தோளிலும் இடுப்பெலும்பிலும் இறங்குகிறது. அவருக்கு நடுத்தரமோ, அதைவிடச் சற்று மென்மையோ பொருந்தும். தலையணையின் உயரம் காதுக்கும் தோள்முனைக்கும் உள்ள இடைவெளியை நிரப்ப வேண்டும். முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை வைத்தால் மேற்கால் முன்னே சரிந்து இடுப்பைத் திருகுவது தவிர்க்கப்படும்.

மல்லாந்து படுப்பவர்க்கு நடுத்தரமோ, சற்றுக் கூடிய உறுதியோ ஏற்றது. முழங்காலின் கீழ் சிறிய தலையணை ஒன்று வைத்தால் கீழ்முதுகின் இறுக்கம் தளரும். முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் மட்டும் இவ்வாறு செய்தலாகாது. கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும் அபாயம் உண்டு.

குப்புறப் படுப்பவர் மென்மையான மெத்தையில் படுத்தால் வயிறு அமிழ்ந்து முதுகு பின்னோக்கி வளையும். அவருக்கு உறுதியான மெத்தையும், மெல்லிய தலையணையும் வேண்டும். அடிவயிற்றின் கீழ் மெல்லிய தலையணை ஒன்று வைப்பதும் உதவும். கழுத்துவலி உள்ளவர் இப்பழக்கத்தைப் படிப்படியாக மாற்றிக்கொள்வது நன்று.

உடல் எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 90 கிலோ எடையுள்ளவர்க்கு மென்மையாகத் தோன்றும் மெத்தை, 45 கிலோ எடையுள்ளவர்க்குப் பலகைபோல் இருக்கும். எடை கூடியவர் ஒருபடி உறுதியானதையும், மெலிந்தவர் ஒருபடி மென்மையானதையும் தேர்ந்தெடுக்கலாம். ஒரே கட்டிலில் இருவர் உறங்கும்போது, ஒருவர் புரள்வது மற்றவரை எழுப்பாதிருக்கப் பாக்கெட் ஸ்பிரிங் ஏற்றது. இருவரின் எடை மிக வேறுபட்டால், இரண்டு ஒற்றை மெத்தைகளை அருகருகே இடுவதே எளிய வழி.

நோய்நிலைக்கேற்ற தேர்வு

*இடுப்பு, முழங்கால் அறுவைச் சிகிச்சை பெற்றவர்:* இவர்களுக்கு மெத்தையின் மென்மையைவிடக் கட்டிலின் உயரமே முதன்மையானது. மெத்தையின் ஓரத்தில் அமரும்போது இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றப்பட்டவர்க்கு, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நிற்கும் அளவுக்குத் தாழ்வான படுக்கை கூடாது. அதே வேளையில், 15 அங்குலத் தளமுள்ள கட்டிலில் 10 அங்குல மெத்தை இட்டால் மொத்த உயரம் 25 அங்குலம், அதாவது ஏறத்தாழ 63 செ.மீ. ஆகிவிடும். உயரம் குறைந்த மூதாட்டியின் கால் தரையைத் தொடாது; நள்ளிரவில் கழிவறைக்குச் செல்ல இறங்கும்போது சறுக்கி விழ நேரும். ஒருமுறை எலும்பு முறிந்தவர்க்கு மறுமுறை வீழ்ச்சி பேராபத்து. எனவே கனமான மெத்தை வாங்கினால் கட்டிலின் கால்களைக் குறைக்க வேண்டும். அன்றேல் 5 அல்லது 6 அங்குல மெத்தையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அமரும்போது ஓரம் சரியாதிருத்தலும் இன்றியமையாதது.

*பக்கவாதம், பார்க்கின்சன் நோய் உள்ளவர்:* உடல் ஆழமாக அமிழும் மெத்தையில் புரள்வதற்குக் கூடுதல் வலிமை தேவை. இவர்களிடம் குறைந்திருப்பது அதுவே. தாமே புரளவும் எழவும் ஏற்ற நடுத்தர உறுதியுள்ள, மேலடுக்கு மெலிந்த மெத்தையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

*படுக்கையிலேயே இருப்பவர்:* எத்துணை உயர்விலை ஸ்பிரிங் மெத்தையாயினும் அது படுக்கைப் புண்ணைத் தடுக்கும் கருவி ஆகாது. இதனை வலியுறுத்திக் கூற விரும்புகிறோம். இவர்களுக்குத் தேவைப்படுவது காற்றறைகள் மாறிமாறி நிரம்பி வடியும் ஆல்ஃபா பெட். அது இருந்தாலும், இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதை நிறுத்தலாகாது. குதிகால் படுக்கையில் படாதவாறு கெண்டைக்காலின் கீழ் தலையணை வைக்க வேண்டும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களை நாள்தோறும் பார்க்க வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடாகவோ, கெட்டியாகவோ, வழக்கத்தைவிடக் கருமையாகவோ இருந்தால் உடனே எங்களிடம் தெரிவியுங்கள்.

தலைப்பகுதியை உயர்த்தும் ஃபௌலர் கட்டிலை வாடகைக்கு எடுப்போர் கவனிக்க: ஓரத்தில் கம்பிச் சட்டம் வைத்த போனல் மெத்தை அக்கட்டிலோடு சேர்ந்து மடியாது. மடிக்க வற்புறுத்தினால் மெத்தையும் கெடும், நோயாளியும் சரிவார். கட்டிலுக்கு உரிய மெத்தையையே கேட்டுப் பெறுங்கள்.

*இரவில் நெஞ்செரிச்சல் உள்ளவர்:* தலையணைகளை அடுக்கினால் வயிறு மடங்கி அமிலம் மேலும் எதுக்களிக்கும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 6 முதல் 8 அங்குல உயரமுள்ள உறுதியான கட்டைகளை வைத்துக் கட்டில் முழுவதையும் சாய்வாக்குவதே முறை. இடப்புறம் ஒருக்களித்துப் படுப்பதும் பயன் தரும்.

*கருவுற்ற தாய்மார்:* 28 வாரங்களுக்குப் பின் மல்லாந்து உறங்கச் செல்வதைத் தவிர்த்து ஒருக்களித்துப் படுக்க வேண்டும். ஆதலால் தோளுக்கும் இடுப்புக்கும் இடங்கொடுக்கும் மெத்தை நல்லது.

*கைக்குழந்தை:* பெரியவர்க்குச் சுகம் தரும் மென்மையான மேலடுக்கு, கைக்குழந்தைக்கு உயிராபத்து. முகம் அமிழ்ந்தால் குழந்தையால் தலையைத் திருப்பி மூச்சுவிட இயலாது. குழந்தையை உறுதியான, சமதளமான, தலையணையற்ற தனிப் படுக்கையில் மல்லாந்து படுக்க வைக்க வேண்டும். புதிய மெத்தை வாங்கும் வீட்டில் பச்சிளங்குழந்தை இருந்தால் இதைத் தவறாது நினைவிற் கொள்ளுங்கள்.

*ஆஸ்துமா, தூசி ஒவ்வாமை உள்ளவர்:* கனமான ஸ்பிரிங் மெத்தையை வெயிலில் காயவைப்பது எளிதன்று. தூசிப்பூச்சியைத் தடுக்கும் ஜிப் வைத்த உறையால் மெத்தையை முழுவதும் மூடி, விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும்.

கடையில் சோதிக்கும் முறை

யாருக்கு மெத்தையோ, அவரே இயன்றவரை கடைக்கு வர வேண்டும். வர இயலாதவரின் முழங்கால் மடிப்புக்கும் தரைக்கும் உள்ள உயரத்தையும், கட்டில் தளத்தின் உயரத்தையும் அளந்து எடுத்துச் செல்லுங்கள்.

வழக்கமாக உறங்கும் நிலையில் குறைந்தது 10 நிமிடம் படுத்திருக்க வேண்டும். மல்லாந்து படுத்தவரின் இடுப்பின் கீழ் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை கடினமானது. நுழையவே இயலாவிடில் அமிழ்வு மிகுதி. சற்று உரசியவாறு நுழைந்தால் பொருத்தம். ஒருக்களித்துப் படுப்பவரைப் பின்புறமிருந்து கைப்பேசியில் படம் எடுங்கள். கழுத்திலிருந்து வால் எலும்பு வரை முதுகெலும்பு ஏறத்தாழ நேர்கோடாகத் தெரிய வேண்டும்.

பின்னர் ஓரத்தில் அமர்ந்து, எவர் துணையுமின்றி எழ முடிகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் சில வாரம் பயன்படுத்திய பின் மாற்றித் தருவார்களா, எத்தனை அங்குலப் பள்ளம் விழுந்தால் உத்தரவாதம் செல்லும் என்பவற்றை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள்.

கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் ஸ்பிரிங் மெத்தைக்கு உதவா. சமமான பலகைத் தளமோ, 3 அங்குலத்துக்கு மிகாத இடைவெளியுள்ள சட்டங்களோ வேண்டும். மேலடுக்கு ஒருபுறம் மட்டும் உள்ள மெத்தையைத் தலைகீழாகப் புரட்டுதல் இயலாது. மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகத் திருப்பினால் போதும்.

புதிதாக வாங்குமுன் ஒரு கணம்

சிகிச்சைச் செலவால் தளர்ந்திருக்கும் குடும்பம், விலையுயர்ந்த மெத்தை வாங்காதது குறையாகிவிடுமோ என்று வருந்த வேண்டியதில்லை. முதலில் இருக்கும் மெத்தையை ஆராயுங்கள். அதன் குறுக்கே ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்து, நடுவில் விழுந்த பள்ளத்தை அளவுகோலால் அளங்கள். பள்ளம் ஓர் அங்குலத்துக்கு மேல் இருந்தாலோ, சுருள் முதுகில் உறுத்தினாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது. கட்டிகட்டியாகத் திரண்ட இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து, பஞ்சை அடித்து, மீண்டும் தைத்துக்கொள்ளலாம். மெத்தை கடினமாக இருப்பதே குறையானால், அதன் மேல் 2 அங்குல மேல்மெத்தை இடுவது குறைந்த செலவில் முடியும். முழங்காலுக்குத் தலையணை வைப்பதற்கோ செலவே இல்லை.

மெத்தையால் தீராத வலி

வெளியூரில் வேறு படுக்கையில் உறங்கும்போது வலி குறைந்தால், வீட்டு மெத்தையை ஐயுறலாம். ஆனால் பின்வருவனவற்றுள் ஏதேனும் இருப்பின் மெத்தைக் கடையை நாடாமல் மருத்துவரை நாடுங்கள்:

• காலில் வலுவிழப்பு, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் வெளியேறாமை. இவை அவசர நிலை. அன்றே வர வேண்டும்.
• முதுகுவலியுடன் காய்ச்சல், காரணமற்ற எடைக் குறைவு, அல்லது முன்னர் புற்றுநோய் இருந்திருத்தல்.
• எந்த நிலையில் படுத்தாலும் தணியாத இரவு வலி.
• விழுந்த பின் தொடங்கிய வலி. சிறப்பாக, முதியோர்க்கும் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர்க்கும்.
• 45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, பின்னிரவில் எழுப்பி, காலையில் அரை மணிக்கு மேல் இறுகியிருந்து, நடமாடினால் தளரும் வலி. இது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி நோயாக இருக்கலாம். அதற்கெனத் தனி மருந்துகள் உண்டு.

கடைசியாகக் குறிப்பிட்ட வலியை மெத்தையின் குறையென்று எண்ணி, ஒன்றன்பின் ஒன்றாக மெத்தைகளை மாற்றிக்கொண்டே ஆண்டுகளைக் கழிப்போர் உண்டு. அக்காலத்தில் நோய் முற்றிவிடும்.

சுருக்கமாக

முதலில் படுப்பவரின் நோய்நிலை, அடுத்து அவர் படுக்கும் முறையும் எடையும், அதன்பின் கட்டிலோடு சேர்ந்த உயரம், இறுதியில் விலை என்னும் வரிசையில் முடிவெடுங்கள். ஐயம் இருப்பின், அளந்த உயரங்களையும் கட்டிலின் படத்தையும் அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எடுத்து வாருங்கள். இயன்முறை மருத்துவரும் நாங்களும் அவற்றைப் பார்த்து, நோயாளி எழுந்து அமரும் முறையையும் கண்டு, பொருத்தமானதைக் கூறுவோம்.